மயிலுக்குப் போர்வை தந்த நிஜாம்

சிக்கந்தராபாத்தில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவன் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானைப் புகழாமல் இருந்தால் அது நன்றிகெட்டத்தனம். 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகி ஹைதராபாத்தை வாரிக்கொண்டு போனது. 1911இல் பட்டத்துக்கு வந்தவர் அந்த ஆற்றைக் கட்டிப்போட்டார். விஸ்வேஸ்வரய்யா வகுத்த திட்டத்தின் வழியில் 1920இல் உஸ்மான் சாகர் வந்தது, 1927இல் ஹிமாயத் சாகர் வந்தது. வெள்ளமும் அடங்கியது, குழாயில் தண்ணீரும் வந்தது. 1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தைத் தொடங்கி, உயர்படிப்பை உருதுவில் சொல்லிக்கொடுக்கச் செய்தார். வெள்ளைக்காரன் காலத்தில் இந்திய மொழியில் பட்டப்படிப்பு என்பது லேசான காரியமா?

தனக்கென்று வரும்போது மனிதர் கை இறுக்கம். 1937 பிப்ரவரியில் ‘டைம்’ பத்திரிகை உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று அட்டைப்படம் போட்டது. அப்போதும் பழைய குல்லாயோடு திரிந்தார் என்று இந்த ஊர்க்காரர்கள் இன்னமும் கதை கதையாகச் சொல்வார்கள். 184 காரட் ஜேக்கப் வைரத்தைக் காகிதம் பறக்காமல் இருக்க மேஜைமேல் வைத்திருந்தவர். அப்படிப்பட்டவர் பிறருக்கு என்று வந்தால் அள்ளிக் கொடுத்தார். அந்தக் கொடையில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் அதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

அவர் விமானம் கொடுத்தார்.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918இல், பிரிட்டிஷ் விமானப்படையின் 110ஆம் அணிக்கு வேண்டிய குண்டுவீச்சு விமானங்கள் நிஜாமின் பணத்தில் வந்தன. விமானத்தின் பக்கவாட்டில் அது அவருடைய பரிசு என்று எழுதியிருந்தது. அதில் ஒன்று, ‘ஹைதராபாத் 12ஏ’, ஜெர்மானியர் கையில் சிக்கி, பெர்லின் போய், போலந்து போய், கடைசியில் பிரிட்டிஷ் விமானப்படையின் அருங்காட்சியகத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தது. அந்த அணிக்கு ஹைதராபாத் அணி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் இன்னும் இரண்டு அணிகளுக்கு அந்தப் பெயர் போனது. ஒன்று 152ஆம் அணி, மற்றொன்று 253ஆம் அணி. 1940இல் ஹிட்லரின் விமானங்கள் இங்கிலாந்தின்மேல் மொய்த்தபோது, 152ஆம் அணி ஸ்பிட்ஃபயர் விமானங்களோடு டார்செட் கடற்கரைக்கு மேலே நின்று அடித்தது. 253ஆம் அணி ஹரிகேன் விமானங்களில் லண்டனுக்குத் தெற்கே சண்டை போட்டது. 1941 ஜனவரியில் ஆஸ்திரேலியக் கடற்படையில் ஒரு நாசகாரிக் கப்பல் சேர்ந்தது. அதன் பெயர் ‘நிஜாம்’.

152ஆம் அணியின் சின்னத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன். நடுவில் நிஜாமின் தஸ்தார், அதுதான் அரசவைத் தலைப்பாகை. அதற்குக் கீழே இரண்டே சொல், ‘விசுவாசமான கூட்டாளி’ என்று பொருள். வெள்ளை அரசு நிஜாமுக்குக் கொடுத்திருந்த பட்டம் அது. ஹைதராபாத் பெயரைத் தாங்கிய அணியில் இருபது வயது இங்கிலீஷ் பையன்கள் தங்கள் வீட்டுக்கு மேலே இருந்த வானத்தைக் காத்தார்கள். இங்கிலாந்து பிழைத்ததில் ஹைதராபாத் விவசாயி கட்டிய வரிக்கும் ஒரு பங்கு உண்டு. இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

நம்மிடம் கொடைக்கு ஒரு பேகன் இருக்கிறான். மழை மேகம் கண்டு ஆடிய மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையை அதற்குக் கொடுத்தவன். பள்ளிக்கூடத்தில் கடையெழு வள்ளல்கள் பாடத்தோடு அவனை விட்டுவிடுகிறோம். புறநானூற்றில் பேகனைப் பற்றி இன்னும் சில பாட்டுகள் உண்டு. கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் பாடியவை. அவன் மனைவி கண்ணகி வீட்டில் தனியாக அழுதுகொண்டிருந்தாள். பேகன் அவளைப் பிரிந்து வேறு இடத்தில் இருந்தான். புலவர்கள் போய் அவன் கொடையைப் பாடினார்கள். அவன் பரிசு தர வந்தபோது, பரிசு வேண்டாம், இன்று ராத்திரியே தேரேறி அவளிடம் போ, அதுவே எங்களுக்குப் பரிசு என்றார்கள். மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டுக்காரியின் கண்ணீர் தெரியவில்லையே என்பதுதான் அந்தப் பாட்டுகளின் உள்வலி. புகழ்ச்சி ஒவ்வொன்றும் நிஜம். நிஜமாக இருந்ததால்தான் அது சுட்டது.

நிஜாமுக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

ஹைதராபாத் சமஸ்தானத்துக்குச் சொந்தப் படை உண்டு. போர் வந்ததும் சமஸ்தானங்கள் ஒவ்வொன்றும் தங்கள் பட்டாளங்களைப் பேரரசின் பணிக்கு அனுப்பின. மலாயாவுக்கு மைசூரிலிருந்து போனார்கள், பஹாவல்பூர், ஜிந்த், கபூர்தலாவிலிருந்து போனார்கள். ஹைதராபாத் காலாட்படையின் முதல் பட்டாளமும் போனது. இவர்கள் முன்வரிசைப் படை அல்ல. விமானத்தளங்களுக்குக் காவல் நிற்கப் போனவர்கள். கம்பிவேலி, வாசல், கிடங்கு, ஓடுதளம், இவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. முன்வரிசைப் படைக்குத் தரும் பயிற்சியும் ஆயுதமும் காவல் பட்டாளத்துக்கு எதற்கு என்று நினைத்திருக்கலாம். சாதாரண நாளில் அந்தக் கணக்கு சரி.

ஹைதராபாத் பட்டாளத்துக்குக் கிடைத்த இடம் கோத்தா பாரு. மலாயாவின் வடகிழக்கு மூலையில், சயாம் எல்லையை ஒட்டிய கிளந்தான் மாநிலத்தின் தலைநகரம். விமானத்தளம் ஊருக்கு வெளியே, கடற்கரையிலிருந்து கொஞ்சதூரத்தில். இன்று அங்கே சுல்தான் இஸ்மாயில் பெட்ரா விமான நிலையம் இருக்கிறது.

விமானத்தளம் கட்டுவதில் பிரிட்டிஷ் விமானப்படையின் வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். கிளந்தானில் மட்டும் மூன்று கட்டினார்கள். கோத்தா பாரு, கோங் கெடா, மாச்சாங். எதிரிக் கப்பலை நடுக்கடலிலேயே மறிக்க வேண்டும், அதற்குத் தளம் கரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். அந்தத் தளங்களைத் தரையில் காப்பாற்ற வேண்டிய தரைப்படையைக் கேட்காமலே இடம் குறித்துவிட்டார்கள். மலாயாவைக் காக்க 336 விமானம் தருவதாக லண்டன் ஒப்புக்கொண்டிருந்தது. போர் தொடங்கிய நாளில் இருந்தவை 158. அதிலும் சண்டை விமானம் என்று இருந்தது அமெரிக்கா செய்த பஃபலோ. மலாயாவுக்கு பஃபலோ போதும் என்று கிழக்குப் பகுதியின் தலைமைத் தளபதி ப்ரூக்-பாப்பம் நம்பினார். ஸ்பிட்ஃபயர் ஒன்றுகூட மலாயாவில் கிடையாது. முதல் ஹரிகேன்கள் பெட்டியில் அடைத்தபடி சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது 1942 ஜனவரி 13ஆம் தேதி.

ஹைதராபாத்தின் பெயர் எழுதிய அணிகள் மேற்கே இருந்தன. ஹைதராபாத்தின் பிள்ளைகள் கிழக்கே, விமானம் போதாத விமானத்தளத்தைக் காத்து நின்றார்கள். நிஜாமின் கொடை எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்று அளக்க இதைவிடத் துல்லியமான கோல் எனக்குத் தெரியாது.

1941 டிசம்பர் 8. நள்ளிரவு கடந்து அரைமணி நேரம் இருக்கும். கோத்தா பாருவுக்கு எதிரே மூன்று ஜப்பானியத் துருப்புக் கப்பல்கள் நங்கூரம் போட்டன. பாடாங், சாபாக் என்ற இரண்டு கடற்கரைகளில் ஜப்பானியத் தளபதி தக்குமியின் படை படகில் வந்து இறங்கியது. பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுவதற்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்தது. பசிபிக் போர் தொடங்கியது இந்தக் கரையில்தான். கரையில் நின்றவர்கள் டோக்ரா பட்டாளத்தார். முள்கம்பிக்கும் கண்ணிவெடிக்கும் பின்னால் இருந்த சிமெண்டுக் குழிகளில் உட்கார்ந்து, தங்களைச் சுற்றி வளைக்கும்வரை சுட்டார்கள். ஆஸ்திரேலிய விமானிகள் அதே தளத்திலிருந்து ஹட்சன் விமானங்களில் கிளம்பி, அவாஜிசான் மாரு என்ற கப்பலைத் தீயில் விட்டார்கள். ஜப்பானியருக்கு நூற்றுக்கணக்கில் சேதம். அந்த இரவில் நின்று போராடியவர்களுக்கு என் வணக்கம். அது முழு மனதோடு செய்கிற வணக்கம்.

பொழுது விடிந்ததும் ஜப்பானிய விமானங்கள் வந்தன. பகல் முழுக்க வந்தன. மாலை நாலு மணி வாக்கில் ஒரு வதந்தி கிளம்பியது: எதிரி விமானத்தளத்தின் வேலிவரை வந்துவிட்டான். அது பொய். ஆனால் தளத்து ஆட்கள் அதை நம்பினார்கள். கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள், பறக்கக்கூடிய விமானங்கள் குவாந்தானுக்குப் பறந்தன, தரைப் பணியாளர்கள் லாரி ஏறினார்கள். போகிற அவசரத்தில் பெட்ரோலும் குண்டுகளும் அப்படியே கிடந்தன. ஓடுதளத்தையும் யாரும் தகர்க்கவில்லை. எதிரிக்கு உதவாமல் செய்ய வேண்டிய எல்லாம் எதிரிக்கு உதவும் நிலையில் இருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தளத்துக்குக் காவலாக ஒரு பட்டாளம் நிற்கிறது. அவர்கள் காக்க வந்த விமானங்கள் போய்விட்டன. விமானிகள் போய்விட்டார்கள். தளத்து அதிகாரிகளும் பணியாளர்களும் புகைக்கு நடுவே கண்முன்னால் ஊரைவிட்டுப் போகிறார்கள். இருட்டுகிறது. டிசம்பர் மாதத்துக் கிளந்தான் மழை கொட்டுகிறது. கரையிலிருந்து சுடும் சத்தம் கிட்டே வருகிறது. தெலங்கானா, மராத்வாடா கிராமத்திலிருந்து வந்து, கம்பிவேலிக்குக் காவல் நின்ற சிப்பாய் அந்த இருட்டில் எதை நம்பி நிற்பான்?

அன்று அந்தப் பட்டாளம் குலைந்தது. ஓடியவர்களைத் தடுத்து நிறுத்த அவர்களுடைய தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹெண்ட்ரிக்ஸ் முயன்றார், அவர் செத்தார். அவருடைய வீரர்களே அவரைச் சுட்டார்கள் என்று அந்தப் போரைப் பற்றிய நூல்கள் பல எழுதுகின்றன. நள்ளிரவுக்குள் விமானத்தளம் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது.

ஹெண்ட்ரிக்ஸ் ஓடாமல் நின்ற மனிதர். அவரைச் சுட்ட துப்பாக்கிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கூட நின்றவனைக் கொன்ற பாவம் பாவம்தான். ஆனால் அந்தத் துப்பாக்கி தானாக அந்த இடத்துக்கு வரவில்லை. இரண்டாம் வரிசை ஆளை முதல் வரிசைக்குக் கொண்டுபோய் வைத்தவர்கள் உண்டு. தரைப்படையைக் கேட்காமல் கரையோரம் தளம் போட்டவர்கள் உண்டு. 336 என்று சொல்லி 158 கொடுத்தவர்கள் உண்டு. பொய்ச் செய்தியை நம்பி முதலில் கிளம்பியவர்களும் உண்டு. இத்தனை பேரும் இழுத்த பிறகுதான் அந்த விசை கடைசியாக ஒரு சிப்பாயின் விரலில் வந்து நின்றது.

போர் முடிந்ததும் பிரிட்டிஷார் எழுதிய வரலாறுகளைப் பாராட்டாமல் இருக்க முடியாது. எவ்வளவு நேர்மை! மலாயாவில் டாங்கி ஒன்றுகூட இல்லை என்பதை எழுதினார்கள். விமானம் பாதிக்கும் குறைவு என்பதை எழுதினார்கள். தளங்கள் தவறான இடத்தில் இருந்ததை எழுதினார்கள். தங்கள் தோல்வியை இத்தனை விளக்கமாக எழுதிவைத்த பேரரசுகள் உலகத்தில் குறைவு. அந்த நேர்மையைப் படிக்கிறபோது ஒன்று கண்ணில் படும். மேலே இருந்தவர்களின் தவறு ‘நிலைமை’ என்ற பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. ரஷ்யாவுக்கு விமானம் தேவைப்பட்டது, மத்தியக் கிழக்குக்குத் தேவைப்பட்டது, கைவசம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, ஒவ்வொரு காரணமும் நியாயமானது. கீழே இருந்தவனின் தவறுக்கு வரும்போது காரணம் காணாமல் போகிறது, பட்டாளத்தின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது. ஹைதராபாத் என்ற சொல் இங்கிலாந்தின் வானத்தில் வீரத்துக்கு அடையாளம். அதே சொல் மலாயாவின் மண்ணில் ஓட்டத்துக்கு அடையாளம். இரண்டையும் எழுதியது ஒரே கை.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். மலாயாவில் இன்னொரு ஹைதராபாத் பட்டாளமும் இருந்தது. அது 19ஆம் ஹைதராபாத் ரெஜிமெண்டின் நாலாம் பட்டாளம், இந்திய ராணுவத்தைச் சேர்ந்தது. பிற்காலத்தில் நாட்டின் தரைப்படைத் தளபதியான திம்மையா முன்பு பணிபுரிந்த பட்டாளம். பழைய காலத்தில் நிஜாமின் செலவில் நடந்த படையிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். ஆட்கள் பெரும்பாலும் குமாவுன் மலைக்காரர்கள், ஜாட்கள், அஹீர்கள். தளபதியின் கையிருப்புப் படையாக வைத்திருந்த இந்தப் பட்டாளத்தைத்தான் கிளந்தானுக்குத் துணையாக அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து, 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியற்காலை, ஸ்லிம் ஆற்றுப் பாதையில் ஜப்பானிய டாங்கிகள் முதலில் வந்து மோதியதும் இவர்கள்மேல்தான். 1945 அக்டோபரில் ரெஜிமெண்டின் பெயர் குமாவுன் ரெஜிமெண்ட் என்று மாறியது. அதே ரெஜிமெண்டின் 13ஆம் பட்டாளம்தான் 1962இல் ரெசாங் லாவில் சீனரை எதிர்த்து நின்றது. பெயர் மாறியவர்களுக்குப் புதுப்பெயரில் புகழ் சேர்ந்தது. சமஸ்தானப் பட்டாளத்துக்கு மாற்றிக்கொள்ள ரெஜிமெண்டும் இல்லை, 1948க்குப் பிறகு சமஸ்தானமும் இல்லை.

தன் படையின் குண்டு தன் ஆளையே கொல்வது அந்தக் காலத்தோடு முடிந்த விஷயமில்லை. 1971 டிசம்பர் 10ஆம் தேதி குல்னாவுக்குப் பக்கத்தில் பங்களாதேஷ் விடுதலைப் படையான முக்தி பாஹினியின் பத்மா, பலாஷ் என்ற இரண்டு படகுகளை எதிரியுடையவை என்று நினைத்து நம் விமானங்களே தாக்கின. பலாஷில் இருந்த ருஹுல் அமீன் அன்று உயிர்விட்டார். பங்களாதேஷ் தன் மிக உயர்ந்த வீர விருதை அவருக்குக் கொடுத்தது. 2019 பிப்ரவரி 27ஆம் தேதி ஸ்ரீநகரிலிருந்து கிளம்பிய நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே பட்காமில் வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். ஹெலிகாப்டர் விமானிகளைப் பயிற்றும் பள்ளி இந்த ஊரின் ஹக்கிம்பேட்டில்தான் இருக்கிறது. பயிற்சி ஹெலிகாப்டர்கள் எங்கள் மொட்டைமாடிக்கு மேலாகப் போகும். அந்தச் செய்தி வந்த நாட்களில் அந்தச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்க மனசு வரவில்லை. ஆனால் அந்த அக்டோபர் 4ஆம் தேதி விமானப்படைத் தளபதி பதௌரியா பத்திரிகையாளர்கள் முன்னால் நின்று, எங்கள் ஏவுகணைதான், பெரிய தவறு, ஒப்புக்கொள்கிறோம் என்று சொன்னார். ஏழு மாதம் பிடித்தது, ஆனாலும் சொன்னார். செத்தவர்கள் பேரில் பழி விழவில்லை.

கோத்தா பாருவின் ஹைதராபாத்காரர்களுக்காக அப்படிச் சொல்ல யாரும் வரவில்லை. லண்டன் சொல்லவில்லை. நிஜாமின் கிங் கோட்டி மாளிகையும் சொல்லவில்லை.

மாசாப் டேங்க் பக்கம் ஃபர்ஸ்ட் லான்சர் என்று ஒரு பகுதி இருக்கிறது. நிஜாமின் முதல் குதிரைப்படை இருந்த இடம். கொஞ்சதூரத்தில் ஏசி கார்ட்ஸ். ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர்கள் குடியிருந்ததால் அந்தப் பெயர், அவர்கள் வாரிசுகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். முதல் உலகப் போரில் பாலஸ்தீனம்வரை போன ஹைதராபாத் குதிரைப்படைக்கு டில்லியில் சிலையே உண்டு, தீன் மூர்த்தியின் மூன்று வீரர்களில் ஒருவன் ஹைதராபாத்துக்காக நிற்கிறான். குதிரையேறிப் போனவர்களை இந்த ஊர் மறக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஃபர்ஸ்ட் லான்சரில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். கல்லாவில் இருந்தவருக்கு எழுபது வயது இருக்கும். சாசரில் இரண்டு உஸ்மானியா பிஸ்கட்டை வைத்து நகர்த்தினார். இந்தப் பெயர் எப்படி வந்தது பாய் என்று கேட்டேன். சட்டென்று சொன்னார், குதிரைக்காரர்கள் இருந்தார்கள் சாப், என் தாதா காலத்தில் லாயம் அதோ அங்கே இருந்தது என்று கை நீட்டிக் காட்டினார். மலாயாவுக்குப் போன காலாட்படை எங்கே இருந்தது என்று கேட்டேன். கொஞ்சநேரம் யோசித்தார். “மாலூம் நை” என்றார். பிறகு அவராகவே, “திரும்பி வந்தாங்களா?” என்று கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

நிஜாமின் கொடைக்கு நான் இன்னமும் நன்றி உள்ளவன். உஸ்மான் சாகர் தண்ணீர் பொய் இல்லை, டார்செட்டுக்கு மேலே பறந்த ஸ்பிட்ஃபயரும் பொய் இல்லை. அந்த 152ஆம் அணி கிழக்கே வந்ததும் உண்டு. 1943ஆம் ஆண்டின் கடைசியில் பர்மாச் சண்டைக்காக வந்தது. கோத்தா பாரு விழுந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஹைதராபாத்திலோ, நாந்தேட், பீதர், குல்பர்கா பக்கமோ இருந்து இதைப் படிக்கிறவர்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். பழைய தகரப் பெட்டியில் மலாயாவிலிருந்து வந்த அஞ்சலட்டை இருக்கலாம், ஒரு பதக்கம் இருக்கலாம், சம்பளப் புத்தகத்தின் கிழிந்த தாள் இருக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நிஜாம் காலத்து ஆவணங்களைக் காப்பாற்றும் மாநில ஆவணக் காப்பகம் தார்நாக்காவில் இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டுங்கள்.